அப்பாவுக்கு 48 வயதில் மாரடைப்பு, எனக்கு எச்சில் டெஸ்டில் சிவப்பு வரி. இனி என்ன?

கேள்வி நீளமாக வந்தது, சுருக்கிக்கொள்கிறேன். கேட்டவருக்கு 34 வயது. அப்பாவுக்கு 48 வயதில் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். அம்மாவுக்கு இருபது வருஷமாகச் சுகர். இவர் டியூபில் எச்சில் துப்பிக் கூரியரில் அனுப்பும் மரபணு டெஸ்ட் ஒன்றை எடுத்திருக்கிறார். நாற்பது பக்க ரிப்போர்ட்டில் இரண்டு வரிகள் சிவப்பில் வந்திருக்கின்றன. "9பி21, ஜி ஜி, அதிக ஆபத்து" என்று ஒன்று. "டிசிஎஃப்7எல்2, சி டி, மிதமான ஆபத்து" என்று இன்னொன்று. அவர் கேட்பது: எனக்கு மாரடைப்பு உறுதியா? இப்போதே ஆஞ்சியோ பார்த்துவிடலாமா? நாலு வயது மகளுக்கும் இந்த டெஸ்ட் எடுக்கட்டுமா? தம்பி ஒல்லி, "எனக்கெல்லாம் ஒண்ணும் வராது" என்கிறான், சரிதானா?

முதலில் ஒன்று. நான் டாக்டர் இல்லை. இந்த மாதிரி டியூப்களில் வரும் டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து மெஷினில் ஓட்டி எழுத்துகளைப் படிக்கும் வேலையில் பல வருஷம் இருந்தவன். மருந்து மாத்திரை பற்றி உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். அந்த இரண்டு சிவப்பு வரிகளைப் பற்றி நான் சொல்கிறேன்.

உறுதியா என்றால், இல்லை. ஆஞ்சியோ, நெஞ்சுவலி மாதிரி அறிகுறி இருப்பவர்களுக்கும் மற்ற சோதனைகளில் சந்தேகம் வந்தவர்களுக்கும் செய்வது. எச்சில் டெஸ்டைப் பார்த்துவிட்டுச் செய்வதில்லை. ஆனால் உங்கள் கேள்வியில் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போன "அப்பாவுக்கு 48 வயதில்" என்ற தகவல் இருக்கிறதே, அது சிவப்பு வரி இரண்டையும் சேர்த்தாலும் அவற்றைவிடக் கனமானது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

நம் டி.என்.ஏ.வில் சுமார் 300 கோடி எழுத்துகள். ஏ, சி, ஜி, டி என்ற நான்கே எழுத்துகள்தான் திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டு பிரதி, அம்மா தந்தது ஒன்று, அப்பா தந்தது ஒன்று. எந்த இரண்டு பேரை எடுத்து ஒப்பிட்டாலும் ஏறக்குறைய ஆயிரம் எழுத்துக்கு ஒன்று வேறுபடும். அந்த வேறுபாடுகளில் பெரும்பாலானவை பழையவை, ஊரெல்லாம் பரவியவை. உங்களிடம் சிவப்பில் வந்திருப்பதும் இந்த ரகம்தான். அடுத்த வீட்டுக்காரரிடமும் இருக்கும், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடமும் இருக்கும். இவ்வளவு பேரிடம் ஓர் எழுத்து தலைமுறை தலைமுறையாகத் தங்கியிருக்கிறது என்றாலே, அது தனியாகப் பெரிய சேதம் எதுவும் செய்யவில்லை என்று ஊகிக்கலாம். செய்யும் சின்னச் சேதமும் பிள்ளை குட்டி பெற்று முடித்த பிறகு வருவதால் இயற்கை அதைக் கண்டுகொள்வதில்லை.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொரு ரகம் உண்டு. ஒரே மரபணுவில் ஒரே பிழை, அதுவே ஆளைச் சாய்க்கும். பரம்பரையாகக் கெட்ட கொழுப்பு எக்கச்சக்கமாக ஏறும் நோய் அப்படிப்பட்டது; சுமார் 250 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. எல்டிஎல் என்னும் அந்தக் கெட்ட கொழுப்பு 190-க்கு மேல், கணுக்காலுக்குப் பின்னால் இருக்கும் தசைநாண் தடித்திருப்பது, குடும்பத்தில் சின்ன வயது மாரடைப்பு, இதெல்லாம் அதன் அடையாளங்கள். உங்கள் அப்பாவின் பழைய ரத்த ரிப்போர்ட் இருந்தால் எல்டிஎல் எவ்வளவு என்று தேடிப் பாருங்கள். அது 190-ஐத் தாண்டியிருந்தால் நான் கீழே சொல்லும் ஆறுதல்களை ஓரமாக வைத்துவிட்டு நேரே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

இனி 9பி21. டி.என்.ஏ. சுருட்டி வைக்கப்பட்டிருக்கும் கட்டுகளுக்குக் குரோமோசோம் என்று பெயர்; அதில் ஒன்பதாவது குரோமோசோமின் குட்டைக் கையில் ஓர் இடத்தின் விலாசம் இது. 2007-ல் கனடாவின் ஒட்டாவா நகரத்திலிருந்து ஒரு குழுவும், ஐஸ்லாந்தின் டீகோட் என்ற மரபணு ஆய்வு நிறுவனத்திலிருந்து ஒரு குழுவும் தனித்தனியாகத் தேடி இதே இடத்தில் வந்து முட்டிக்கொண்டன. 'சயின்ஸ்' இதழில் இரண்டு கட்டுரைகளும் அடுத்தடுத்த பக்கங்களில் வந்தன. இரண்டு பிரதியும் ஆபத்தான எழுத்தாக இருப்பவர்கள் ஐரோப்பிய வம்சத்தில் ஐந்தில் ஒருவர், நான்கில் ஒருவர் என்ற அளவுக்கு இருந்தார்கள். ஐஸ்லாந்துக் கணக்குப்படி அவர்களுக்கு மாரடைப்பு வாய்ப்பு, அந்த எழுத்து ஒன்றுகூட இல்லாதவர்களைவிடச் சுமார் 1.6 மடங்கு.

ஆச்சரியம் என்னவென்றால், ஆபத்தான எழுத்து உட்கார்ந்திருக்கும் இடத்தில் புரதம் செய்யும் மரபணு எதுவுமே இல்லை. வெறும் பொட்டல். இந்த எழுத்து உள்ளவர்களுக்குக் கொழுப்பு கூடுவதில்லை, பிரஷர் ஏறுவதில்லை, சுகரும் ஏறுவதில்லை. பொட்டலுக்குப் பக்கத்தில் செல் பெருகுவதற்கு பிரேக் போடும் மரபணுக்கள் இரண்டு இருக்கின்றன. அடுத்த வருஷமே இன்னொரு துப்பு கிடைத்தது. வயிற்றுப் பெருந்தமனி உப்புவது, மூளை ரத்தக்குழாய் பலூன் மாதிரி வீங்குவது ஆகியவற்றுக்கும் இதே இடத்தோடு தொடர்பு இருந்தது. அதாவது ஓடும் ரத்தத்தில் என்ன இருக்கிறது என்பதைவிட, குழாயின் சுவர் எப்படித் தன்னைப் பழுது பார்த்துக்கொள்கிறது என்பதில்தான் இந்த எழுத்து கைவைக்கிறது போலிருக்கிறது. உங்கள் லிப்பிட் (ரத்தக் கொழுப்பு) ரிப்போர்ட்டில் இதன் நிழல்கூட விழாது.

"1.6 மடங்கா!" என்று பதறுவதற்கு முன், எதற்கு 1.6 மடங்கு என்று கேட்க வேண்டும். ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம், உங்கள் வயதில், புகைக்காத, பிரஷர் இல்லாத நூறு பேரில் அடுத்த பத்து வருஷத்தில் இரண்டு பேருக்கு மாரடைப்பு வரும் என்று. உங்களைப் போல ஜி ஜி உள்ள நூறு பேரில் அது மூன்று பேர் ஆகும். மீதி 97 பேர் அதே சிவப்பு வரியோடு வேலைக்குப் போய்க்கொண்டிருப்பார்கள். ரிப்போர்ட் அச்சடிப்பவர்கள் மடங்கை மட்டும் பெரிய எழுத்தில் போடுவார்கள். இந்த 97-ஐப் போட்டால் பிரீமியம் பேக்கேஜை யார் வாங்குவார்கள்?

இதையே சிகரெட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 52 நாடுகளில் நடந்து 2004-ல் வெளிவந்த இன்டர்ஹார்ட் ஆய்வில் புகைப்பவர்களுக்கு மாரடைப்பு வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு. சுகர் இருந்தால் இரண்டு மடங்குக்கு மேல். அதே ஆய்வில் கலந்துகொண்டவர்களின் டி.என்.ஏ.வைப் பிறகு பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. காய்கறி, பழம் நிறையச் சாப்பிட்டவர்களிடம் 9பி21-ன் வேகம் வெகுவாகக் குறைந்திருந்தது. என்ன சாப்பிட்டீர்கள் என்று நோய் வந்த பிறகு கேட்டு எழுதிய கணக்கு அது, அதனால் நான் அதை வேதவாக்காக எடுத்துக்கொள்வதில்லை. திசை மட்டும் சரி என்று நினைக்கிறேன்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. உங்களிடம் இருப்பது ஜி ஜி, இரண்டு பிரதி. இரண்டையும் அப்பாவே தந்திருக்க முடியாது. ஒன்று அம்மாவிடமிருந்துதான் வந்திருக்கும். கேள்வியில் "அப்பா வழி இதய நோய், அம்மா வழி சுகர்" என்று பங்கு பிரித்து எழுதியிருந்தீர்கள். அந்தப் பாகப்பிரிவினை செல்லாது. இதயத்தில் ஒரு குறையும் இல்லாத உங்கள் அம்மாவிடமும் அதே எழுத்து குறைந்தது ஒன்றாவது இருக்கிறது. அது இருந்தும் அவர் இதயம் நன்றாகத்தானே இருக்கிறது?

இரண்டாவது வரிக்கு வருவோம். டிசிஎஃப்7எல்2 பத்தாவது குரோமோசோமில் இருக்கும் மரபணு. 2006-ல் இதையும் கண்டுபிடித்தது அதே ஐஸ்லாந்து நிறுவனம்தான். சி இருக்க வேண்டிய இடத்தில் டி இருந்தால், ஒவ்வொரு டி-க்கும் சர்க்கரை நோய் வாய்ப்பு சுமார் 1.4 மடங்கு. டைப் 2 சர்க்கரைக்குத் தெரிந்த பரவலான எழுத்து மாற்றங்களில் மிகப் பலமான சிலவற்றில் இது ஒன்று. ஐரோப்பியருக்கு மட்டுமா என்ற சந்தேகமும் சீக்கிரமே தீர்ந்தது. 2007-லேயே சென்னை மக்களிடமும் புனே மக்களிடமும் தொடர்பு உண்டு என்று இங்கே இருப்பவர்களே செய்து காட்டிவிட்டார்கள்.

இது வேலை செய்யும் விதம் கவனிக்க வேண்டியது. சாப்பாடு குடலுக்குள் இறங்கியதும் குடலிலிருந்து ஜிஎல்பி-1 என்ற ஹார்மோன் கிளம்பி, "சர்க்கரை வருகிறது, தயாராகு" என்று கணையத்துக்குத் தகவல் சொல்லும். டி எழுத்து உள்ளவர்களின் கணையம் அந்தத் தகவலுக்குக் கொஞ்சம் மந்தமாகப் பதில் சொல்கிறது. இன்சுலின் போதுமான அளவு வெளிவருவதில்லை. தொப்பைக்கும் இதற்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. உங்கள் தம்பி இதைப் படிக்க வேண்டும்.

எஃப்டிஓ என்று இன்னொரு மரபணு, 2007-ல் பிரிட்டனில் வெளிப்பட்டது, நேர்மாறான கதை. அதன் ஆபத்தான எழுத்து இரண்டு பிரதி இருந்தவர்கள் சராசரியாக மூன்று கிலோ கூடுதல் எடை இருந்தார்கள். எடையைக் கணக்கில் எடுத்ததும் சர்க்கரையோடு இருந்த தொடர்பு அங்கே காணாமல் போனது. ஆனால் இந்தியர்களிடம் பார்த்தபோது எடையைக் கழித்த பிறகும் தொடர்பு ஓரளவு மிஞ்சியது. நமக்குத் தராசு காட்டும் எடை ஒன்று, உள்ளே ஒளிந்திருக்கும் கொழுப்பு ஒன்று. பார்க்க ஒல்லியாக இருந்து, கை கால் குச்சியாக, வயிறு மட்டும் மெதுவாக முன்னால் வரும் உடம்பு நம் ஊரில் எத்தனை பேருக்கு! அதனால்தான் நமக்கு உடல் எடைக் குறியீடு 23-லிருந்தே எச்சரிக்கை, ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டரிலேயே எல்லை.

அந்த டி எழுத்தைத் தோற்கடிக்க முடியுமா? முடியும் என்று எண்ணிக்கையோடு காட்டியது அமெரிக்காவின் நீரிழிவுத் தடுப்பு ஆய்வு. சுகர் எல்லையில் நின்றவர்களை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை, ஒரு கூட்டத்துக்கு மெட்ஃபார்மின் என்ற சுகர் மருந்து, மூன்றாவது கூட்டத்துக்கு வாரம் 150 நிமிடம் நடை, உடல் எடையில் 7 சதவீதக் குறைப்பு. நடந்தவர்களுக்கு நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது, மெட்ஃபார்மின்காரர்களுக்கு 31 சதவீதம். 2006-ல் அவர்களின் எழுத்துகளைப் படித்தார்கள். வெறும் மாத்திரைக் கூட்டத்தில் டி டி உள்ளவர்களுக்கு சி சி உள்ளவர்களைவிட சுமார் 1.8 மடங்கு வேகமாகச் சுகர் வந்திருந்தது. நடந்த கூட்டத்தில் அந்த வித்தியாசம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. அதே வருஷம் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழு சென்னையிலிருந்து வெளியிட்ட இந்திய ஆய்வில் நடை, உணவு மாற்றத்தால் கிடைத்த குறைப்பு 28.5 சதவீதம். அமெரிக்கக் கணக்கில் பாதிதான். நம் உடம்பு கொஞ்சம் பிடிவாதம், இருந்தாலும் அசைகிறது.

சென்னை நகரத்தில் பெரியவர்களிடையே சர்க்கரை நோய் 1989-ல் 8.3 சதவீதம், 2004-ல் 14.3 சதவீதம். பதினைந்து வருஷத்தில் யாருடைய எழுத்தும் மாறவில்லை. எழுத்துகள் அப்படியே இருக்க, சைக்கிள் பைக் ஆனது, சாப்பாட்டு நேரம் ராத்திரி பத்தரை ஆனது. மரபணு பற்றி யார் என்னிடம் ஆவேசமாகப் பேசினாலும் நான் இந்த இரண்டு எண்களைத்தான் எடுத்து வைப்பேன்.

அப்படியானால் இத்தனை கோடி செலவழித்து எழுத்துகளைத் தேடியதெல்லாம் வீணா என்றால், அதுவும் இல்லை. தனி மனிதருக்கு ஜோசியம் சொல்வதில் சுமாராக இருக்கும் இந்தத் துறை, மருந்துக்கு வழி காட்டுவதில் கெட்டிக்காரத்தனம் காட்டியிருக்கிறது. பிசிஎஸ்கே9 என்ற மரபணுவை எடுத்துக்கொள்ளுங்கள். டாலஸைச் சேர்ந்த ஹெலன் ஹாப்ஸ், ஜோனதன் கோஹன் குழு 2006-ல் காட்டியது இது: அமெரிக்கக் கறுப்பின மக்களில் 2.6 சதவீதம் பேருக்கு இந்த மரபணுவின் ஒரு பிரதி வேலை செய்வதில்லை. பிறவியிலிருந்தே எல்டிஎல் 28 சதவீதம் குறைவு. அவர்களுக்கு இதய நோய் எவ்வளவு குறைவு தெரியுமா? 88 சதவீதம்! நாற்பது வயதில் கொழுப்பைக் குறைப்பதற்கும் பிறந்ததிலிருந்தே குறைவாக இருப்பதற்கும் உள்ள வித்தியாசம் அது. கெட்டுப்போன மரபணு நல்லது செய்கிறது என்றால் நாமே அதைத் தடுத்துவிடலாமே என்று கிளம்பி, 2015-ல் அந்த ஊசி மருந்துகள் கடைக்கு வந்துவிட்டன.

நேர் எதிராக, "நல்ல கொழுப்பு" எச்டிஎல் கதை. அதைப் பிறவியிலேயே கூட்டித் தரும் ஓர் எழுத்து மாற்றம் இருந்தவர்களை 2012-ல் பெரிய அளவில் பார்த்தார்கள். எச்டிஎல் கூடியிருந்தது, மாரடைப்பு குறையவில்லை. எச்டிஎல்லை ஏற்றும் மாத்திரைகள் சோதனையில் ஒன்றன்பின் ஒன்றாகக் கவிழ்ந்ததற்கு இது விளக்கம் சொல்லிவிட்டது.

உங்கள் அம்மா கிளிமிபிரைட் மாதிரி சுகர் மாத்திரை போடுகிறாரா? அது போய் உட்காரும் இடம் கணையத்தின் செல்லில் இருக்கும் ஒரு சின்னக் கதவு. அந்தக் கதவைச் செய்யும் மரபணுக்களில் ஒன்றில் பரவலான எழுத்து மாற்றம் உண்டு, அதனால் சர்க்கரை வாய்ப்பு கூடுவது ரொம்பக் கொஞ்சம்தான். ஆனால் அதே கதவில் மாத்திரை வேலை செய்யும்போது சுகர் விறுவிறுவென்று இறங்குகிறது. எழுத்தின் விளைவு சிறியது என்பதற்காக அது சுட்டிக்காட்டும் இடத்தை அலட்சியப்படுத்த முடியாது.

உங்கள் ரிப்போர்ட்டுக்குத் திரும்புகிறேன். அவர்கள் இரண்டு எழுத்துகளைச் சிவப்பாக்கியிருக்கிறார்கள். 2024-ல் வெளிவந்த ஆய்வில், 25 லட்சம் பேரை வைத்து, டைப் 2 சர்க்கரையோடு தொடர்புள்ள தனித்தனிச் சமிக்ஞைகள் மட்டும் 1,289 கண்டிருக்கிறார்கள். ஆயிரத்துச் சொச்சம் சீட்டில் ஒரு சீட்டைத் திறந்து காட்டிவிட்டு உங்கள் ஆட்டம் போச்சு என்று சொல்வது எப்படி? மீதிச் சீட்டுகள் உங்களுக்குச் சாதகமாக இருக்கலாம், பாதகமாகவும் இருக்கலாம். எல்லாவற்றையும் கூட்டி ஒரே மதிப்பெண்ணாகப் போடும் முறையும் வந்துவிட்டது. 2018-ல் 66 லட்சம் இடங்களைக் கூட்டிப் பார்த்ததில், பிரிட்டன் மக்களில் 8 சதவீதம் பேருக்கு இதய நோய் வாய்ப்பு மூன்று மடங்கு என்று வந்தது. ஆனால் இவற்றில் பெரும்பாலானவை ஐரோப்பிய வம்சத்தாரை வைத்துத் தைத்த சட்டை. நமக்குப் போட்டால் தோள் பொருந்தும், கை பொருந்தாது. உங்கள் ரிப்போர்ட்டில் மதிப்பெண் போட்டிருந்தால், அதை எந்த மக்களை வைத்துக் கணக்கிட்டார்கள் என்று மெயில் அனுப்பிக் கேளுங்கள்.

நம்மிடம் மட்டும் பரவலாக இருக்கும் எழுத்து மாற்றமும் உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆய்வைத் தொடங்கிய பெருந்துறை தண்டபாணியும், ஹைதராபாத்தில் உள்ள சிசிஎம்பி என்ற உயிரியல் ஆய்வு மையத்தின் தங்கராஜும், மற்றவர்களும் சேர்ந்து 2009-ல் வெளியிட்டது: எம்ஒய்பிபிசி3 என்ற இதயத்தசை மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருப்பது தெற்காசியரில் சுமார் 4 சதவீதம் பேரிடம் இருக்கிறது, அது இதயத்தசை நோயோடு தொடர்புடையது என்று. இது ரத்தக்குழாய் அடைப்பு அல்ல, தசையே பலவீனமாகும் நோய். பிறகு வந்த ஆய்வுகள், அதே துண்டில் கூடவே பயணிக்கும் வேறு அரிய மாற்றங்கள்தான் ஆபத்தின் பெரும்பங்குக்குக் காரணம் என்கின்றன. அதனால் ரிப்போர்ட்டில் இது வந்தாலும் உடனே பயப்பட வேண்டாம். குடும்பத்தில் இதயத்தசை நோய் இருந்தால் ஒரு எக்கோ எடுத்துப் பார்த்தால் போதும்.

இப்போது "அப்பாவுக்கு 48" விஷயம். அப்பாவுக்கு 55-க்கு முன், அல்லது அம்மாவுக்கு 65-க்கு முன் இதய நோய் வந்திருந்தால் அதைச் சின்ன வயது நோய் என்று கணக்கு வைப்பார்கள். அமெரிக்காவின் ஃபிராமிங்காம் ஊர் ஆய்வில் அப்படிப்பட்டவர்களின் மகன்களுக்கு வாய்ப்பு இரண்டு மடங்காக இருந்தது. புகை, கொழுப்பு, பிரஷர் எல்லாவற்றையும் கழித்த பிறகும்தான் இந்த இரண்டு மடங்கு. ஏன் இது எச்சில் டெஸ்டைவிடக் கனம்? இதில் கண்டுபிடித்த எழுத்து, கண்டுபிடிக்காத எழுத்து எல்லாம் அடங்கிவிடுகின்றன. கூடவே ஒரே அடுப்பு, ஒரே எண்ணெய், ஹாலில் அப்பா விட்ட புகையும் அடங்கிவிடுகின்றன. இந்தத் தகவலுக்குக் காசும் கிடையாது.

ஆகவே ஆஞ்சியோவுக்கு வைத்த பணத்தில் கொஞ்சம் எடுத்து லேபுக்குப் போங்கள். வெறும் வயிற்றில் லிப்பிட், மூன்று மாதச் சராசரி சுகர், ஒரு பிரஷர் பார்வை, இஞ்ச் டேப்பில் இடுப்பு. கூட ஒன்றை நீங்களாகக் கேட்டு வாங்க வேண்டும், வழக்கமான பேக்கேஜில் இருக்காது: லிப்போபுரோட்டீன் ஏ, ரத்தத்தில் கொழுப்பைச் சுமக்கும் ஒரு துகள். இதன் அளவைப் பெரும்பாலும் தீர்மானிப்பது ஆறாவது குரோமோசோமில் உள்ள ஒரே மரபணு. சாப்பாடு, நடை எதற்கும் பெரிதாக அசையாது, அதனால் ஆயுளில் ஒருமுறை பார்த்தால் போதும். ஐந்து பேரில் ஒருவருக்கு அது அதிகம். வெள்ளையரைவிடத் தெற்காசியருக்குச் சராசரியே கொஞ்சம் கூடுதல். குடும்பத்தில் சின்ன வயது மாரடைப்பு இருந்து, மற்ற எண்கள் எல்லாம் சாதுவாக இருந்தால், குற்றவாளி பல சமயம் இங்கேதான் ஒளிந்திருப்பான். அது அதிகம் என்று வந்தால், உங்கள் எல்டிஎல்லை இன்னும் கீழே வைக்க வேண்டும் என்று டாக்டர் முடிவு செய்யக்கூடும். சிவப்பு வரியைக் காட்டினால் அவர் செய்யக்கூடியது குறைவு. இந்த எண்ணைக் காட்டினால் நிறையச் செய்யலாம்.

மரபு ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு என்னதான் செய்தாலும் பயனில்லையோ என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். 2016-ல் 55 ஆயிரம் பேரை வைத்துச் செய்த ஆய்வு இதற்கு நேராகப் பதில் சொல்கிறது. மரபு ஆபத்தில் மேல் தட்டில் இருந்தவர்களுக்கு, கீழ்த் தட்டுக்காரர்களைவிட இதய நோய் 91 சதவீதம் அதிகம். ஆனால் அதே மேல் தட்டில் புகைக்காமல், பருமன் இல்லாமல், உடற்பயிற்சியும் ஒழுங்கான சாப்பாடும் வைத்திருந்தவர்களுக்கு (நான்கில் மூன்று இருந்தாலே போதும்), இவற்றில் ஒன்றுக்கு மேல் கவனிக்காதவர்களைவிட 46 சதவீதம் குறைவு.

மகளுக்கு டெஸ்ட் வேண்டாம். 9பி21-ல் உங்களிடம் இரண்டும் ஜி என்பதால் அவளுக்கு ஒன்று வந்தே ஆக வேண்டும். அதைச் சொல்ல ஒரு நிறுவனத்துக்குப் பணம் கட்டுவானேன்? டிசிஎஃப்7எல்2-ல் உங்கள் பங்காக அவளுக்கு டி போயிருக்கிறதா சி போயிருக்கிறதா என்பது காசு சுண்டிப் போட்ட கதை. தலை விழுந்தாலும் பூ விழுந்தாலும் நாலு வயதில் அவளுக்காக நீங்கள் மாற்றிச் செய்யப்போவது ஒன்றுமில்லை.

தம்பிதான் எனக்குக் கவலை. அவருக்கும் அப்பாவின் 48 வயது அப்படியே பொருந்தும். 9பி21-ல் அவருக்கு இரண்டு வந்திருக்கலாம், ஒன்று வந்திருக்கலாம், ஒன்றுமே வராமலும் இருக்கலாம். டிசிஎஃப்7எல்2 ஒல்லி, குண்டு பார்ப்பதில்லை. அடுத்த முறை ஊருக்கு வரும்போது காலையில் காபி கொடுக்காமல் உங்களோடு லேபுக்குக் கூட்டிப் போங்கள். அவர் சிகரெட் பிடிக்கிறாரா இல்லையா என்பதை மட்டும் நீங்கள் கேள்வியில் எழுதவே இல்லை.